கண்ணாடியில் தெரிந்த கைகள்

நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன். புதுக்கடைப் பக்கமுள்ள ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து வெள்ளைக்காரத் தம்பதியைத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். அவர்கள் தத்தெடுத்த நான்கு வயதுச் சிறுமி அந்த அம்மாவின் மடியில் இருந்தாள். ஒரு கால் சூம்பியிருந்தது.

களியக்காவிளை நெரிசலில் நிற்கும்போது நண்பன் போனில் அழைத்தான். பின்னால் இருப்பவர்களுக்குத் தமிழ் எங்கே புரியப்போகிறது என்ற தைரியத்தில், இல்லத்து வாட்ச்மேன் சொன்னதையெல்லாம் அவிழ்த்துவிட்டேன்.

"பேப்பருக்கும் வக்கீலுக்கும் பிளைட்டுக்குமா வீட்டையே வித்துட்டாவளாம். கால் வெளங்காத பிள்ளைக்கு இவ்வளவு செலவா மக்கா?"

"அண்ணா, மெதுவா பேசுங்க. பிள்ளைக்குக் கேக்கும்லா."

தூக்கிவாரிப்போட்டது. பேசியது அந்த அம்மாதான். கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கைகளாலும் பிள்ளையின் காதுகளைப் பொத்தியிருந்தார்.

போனை வைத்துவிட்டு, தமிழ் எப்படித் தெரியும் என்று தடுமாறிக் கேட்டேன். பிள்ளையின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து, தங்கள் ஊரில் வேலைபார்க்கும் மார்த்தாண்டத்து நர்ஸிடம் படித்தாராம்.

"வீடு புதுசு, ஊரு புதுசு, சாப்பாடும் புதுசு. பேச்சாவது அவளுக்குத் தெரிஞ்சதா இருக்கண்டாமா?"

பிள்ளை அழத் தொடங்கியது. "கரையாத மக்களே" என்று அணைத்துக்கொண்டார். 'அழாதே கண்ணே' என்று எங்கள் ஊர் அம்மாமார் அழுகிற பிள்ளையைக் கொஞ்சிச் சொல்லும் அதே சொல், அதே ராகம். எனக்குப் புல்லரித்துவிட்டது. விற்ற வீட்டை மட்டும்தானே நான் செலவில் சேர்த்திருந்தேன்!

வீடு திரும்பியதும் என் மகளைக் கூப்பிட்டேன். எப்போதும் 'ஏட்டி' என்று அதட்டும் வாயில் அன்று 'மக்களே' என்று வந்தது.

நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.