தேர்க்கொட்டகையில் ஒரு பிள்ளைக் காம்பரா

கலாராணி அக்காவிடம் யாராவது ஒரு காரணம் சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். உடனே நம்பமாட்டார். எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறார் என்று அவர் நினைப்பதில்லை. முதலில் வாய்க்கு வரும் காரணம் பெரும்பாலும் சொல்லிச் சொல்லிப் பழகிய காரணமாகத்தான் இருக்கும் என்பது அவருடைய எண்ணம்.

மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் பிள்ளைக் காம்பரா அவர் பொறுப்பில் இருக்கிறது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளையும் பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளையும் விட்டுப்போகும் இடம் அது. வாசல் பலகையில் வேறு பெயர் எழுதியிருந்தாலும் நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் அது பிள்ளைக் காம்பராதான். அவருக்குக் கீழே வேலை செய்பவர் இராக்கம்மா ஆயா ஒருவர் மட்டுமே. ஒரே ஒருவரை வைத்து நடத்துவதையும் முகாமைத்துவம் என்று சொல்லலாமா என்று ஒருமுறை கேட்டேன். அந்தப் பாடத்தில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருப்பவளுக்கு இப்படிக் கேள்விகள் வரும்.

"ஒரு ஆளா? இந்தப் புள்ளைங்க, அதுங்களோட அம்மாமாருங்க, தொரைமாருங்க, தலைவரு, இத்தனை பேரையும் யாரு மேய்க்கிறா? ஒங்க கெம்பஸா?" என்றார்.

அவர் எங்கள் லயத்திலேயே பிறந்தவர். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பதுளை பஜாரில் சிதம்பரநாதன் முதலாளியின் புடவைக் கடையில் சில வருடங்கள் வேலை செய்தார். அங்கே தோட்டத்துப் பெண்கள் சேலையை விரித்து விரித்துப் பார்த்துவிட்டு வாங்காமலே போவார்களாம். விலைதான் காரணம் என்றார் முதலாளி. விலையைக் குறைத்த பிறகும் அப்படியேதான் போனார்கள். கடையில் இருந்த ஒரே கண்ணாடி, ஆண்கள் சட்டை பார்க்கும் பக்கத்தில் மாட்டியிருந்தது. அங்கே போய் நின்று சேலையைத் தோளில் போட்டுப் பார்க்க ஒரு பெண்ணுக்கும் மனம் வரவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. கண்ணாடியை இந்தப் பக்கம் மாட்டச் சொன்னது கலா அக்கா.

"வித்துச்சா?" என்று கேட்டேன்.

"வித்துச்சு. கண்ணாடிய மாத்துனது தன்னோட யோசனைன்னு மொதலாளி ஊரு பூராவும் சொல்லிக்கிட்டு திரிஞ்சாரு."

பிறகு முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி முடித்து, பிள்ளைக் காம்பரா வேலை கிடைத்து, மேல் டிவிசனுக்கே திரும்பி வந்தார். கல்யாணம், ஒரு மகன், லுணுகலையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் கணவர் என்று வாழ்க்கை ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டிருந்தது.

சென்ற வருடம் மழைக்காலம் முடிந்தபோது பிள்ளைகள் குறையத் தொடங்கினார்கள். முதலில் ஒன்றிரண்டு பேர், பிறகு பாதிப் பேர். மற்ற நேரங்களில் ஒரே இரைச்சலாகக் கிடக்கும் காம்பராவில் கடிகாரத்தின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒரு காலையில் தோட்டத்தின் உதவி முகாமையாளரான சின்னத்துரை ரிப்கான் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். பதுளைக்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார்.

"கலா மிஸ், ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது. கொம்பனியில கேட்டுட்டாங்க. இந்த அளவு புள்ளைகளுக்கு ஒரு காம்பரா தேவையா, கீழ் டிவிசனோட சேர்த்துடலாமேன்னு. அடுத்த மாசம் ஆள் வருவாங்க பார்க்க."

"கீழ் டிவிசனுக்கு எப்படி சேர் இதுங்களத் தூக்கிட்டுப் போறது? பாதி வழியில பாலம் இல்ல."

"அது எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியணுமே. புள்ளைகளைக் காட்டுங்க, நான் பேசுறேன்."

காம்பரா மூடப்பட்டால் இரண்டு பேருக்கு வேலை போகும். அதைவிட, தாய்மாருக்குப் பிள்ளையை விட இடமே இருக்காது. அப்போதே நிலைமை நன்றாக இல்லை. மேல் லயத்திலிருந்து கொழுந்தெடுக்கப் போகும் துஷாந்தியின் சின்னவனை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டது, ஆறாம் வகுப்புப் படிக்கும் அவனுடைய அக்கா. அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய் இரண்டு வாரமாகியிருந்தது.

கலா அக்கா என்னைக் கூப்பிட்டார். "ஏய் பட்டதாரி, சும்மாதானே இருக்க? வா."

நான் படித்ததை எடுத்துக்கொண்டு போனேன். பெரிய தாளில் மீன்முள் படம் வரைந்து ஒவ்வொரு முள்ளிலும் ஒரு காரணம் எழுதினோம். சாப்பாடு, நோய், குளிர், கழிவறை, ஆயாவின் வாய். கடைசிக் காரணத்தை இராக்கம்மா ஆயாவே சொல்லி எழுதவைத்தார். "நான் ஏசுவேன்தான், எழுதிக்கோ" என்றார்.

சாப்பாட்டிலிருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்தோம். பயறு, கடலை, ஒரு நாள் கொழுக்கட்டை. வந்துகொண்டிருந்த பிள்ளைகள் கன்னம் உப்பச் சாப்பிட்டார்கள். புதிதாக ஒருவரும் வரவில்லை. நானும் அவரும் லயம் லயமாகப் போய்க் கேட்டோம். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "புள்ளைக்குச் சளி டீச்சர்."

"ஊரு பூரா ஒரே மூக்குதான் போல" என்றார் கலா அக்கா, திரும்பி வரும் வழியில்.

அன்று மாலை மீன்முள் படத்தை ஓரமாக வைத்துவிட்டார். யார் வரவில்லை என்று இத்தனை நாளும் கேட்டோமே, இன்னும் யார் வருகிறார்கள் என்று பார்ப்போம் என்றார். எங்கள் டிவிசனிலேயே, காம்பராவை ஒட்டிய கீழ் வரிசை லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள். மேல் லயங்களிலிருந்து வந்தது மூன்று பேர். அந்த மூன்று பேரின் அம்மாமாரும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அதே லயம், அதே குளிர், அதே சளி. வித்தியாசம் ஒன்றுதான். தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் காலையில் பெரட்டுக்குப் போக வேண்டியதில்லை.

பெரட்டு என்பது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் இடம். பிந்திப் போனால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மறுநாள் விடியும்போதே அவர் துஷாந்தியின் வீட்டுக்குப் போய்விட்டார். நானும் கூடப் போனேன். "இன்னைக்கு ஒன் புள்ளைய நான் தூக்குறேன். நீ எப்பவும் போல நட" என்றார். மேல் லயத்திலிருந்து படிகளில் இறங்கினோம். பிள்ளையைக் காம்பராவில் விட்டோம். உடனே அதே படிகளில் ஏறி, லயத்தைத் தாண்டி, அதற்கும் மேலே மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரட்டுக் களத்துக்கு ஓடினோம். துஷாந்தி மலை ஏறுவதில் எங்கள் இரண்டு பேரையும் விட வேகமானவள். அப்படியும் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெயர் எடுத்து முடித்து, ஆட்களை மலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கலா அக்கா முன்னே போய்க் கேட்டுக்கொண்டதால் அன்று அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

முன்பு பெரட்டு நடந்தது காம்பராவுக்கு எதிரிலேயே. மழைக்காலத்தில் அந்த இடம் சேறாகிறது, லொறி வர முடியவில்லை என்பதால் அதை மேலே மாற்றினார்கள். பிள்ளைகள் குறையத் தொடங்கியதும் அப்போதுதான். கீழ் வரிசைக்காரிகளுக்கு மட்டும் காம்பரா மேலே ஏறும் வழியிலேயே இருந்தது. இவ்வளவு வெளிப்படையான விஷயம் எங்கள் படத்தில் எந்த முள்ளிலும் இல்லை. நானும் அந்த லயத்துக்காரிதான்.

"இதைச் சொல்றதுக்கென்ன துஷாந்தி? சளி, சளின்னு சொன்னீங்களே எல்லாரும்" என்று மாலையில் கலா அக்கா கேட்டார்.

துஷாந்தி கொழுந்துப் பையை உதறி மடித்துக்கொண்டே பேசினாள். "எப்படி டீச்சர் சொல்றது? கோயில்ல கற்பூரம் கொளுத்தி, தலைவரு கேட்டாரு, பெரட்ட மேல கொண்டு போலாமான்னு. எல்லாருந்தான் கை தூக்குனோம். அப்ப புள்ளைய யாரும் நெனைக்கல. ஆத்தா முன்னாடி சரின்னுட்டு, பொறகு எனக்குத் தோதுப்படலன்னா நல்லாவா இருக்கும்?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மாவும் கை தூக்கியிருந்தார். "நீ கேக்கல, நான் சொல்லல" என்றார்.

காரணம் கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டது போல எனக்கு இருந்தது. பெரட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மனுக் கொடுக்கலாம் என்றேன். கலா அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. சாமி முன்னால் சொன்ன வார்த்தையை மாற்றச் சொன்னால் மொத்த லயமும் எதிராக நிற்கும். போதாததற்கு, பிள்ளை வளர்ந்துவிட்ட வீடுகளுக்குப் பெரட்டு மேலே இருப்பதுதான் வசதி. காம்பராவை விடியுமுன் திறக்கலாமா என்று யோசித்தார். எந்த நேரம் திறந்தாலும் தாய் இறங்கி ஏறத்தான் வேண்டும். பெரட்டை அசைக்க முடியாது, கட்டடத்தை அசைக்க முடியாது. பேச்சு அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது.

இராக்கம்மா ஆயா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கலா அக்கா திடீரென்று அவரிடம் கேட்டார்: "ஆயா, புள்ளைய இங்க தூக்கியாந்து விடுறது தாயோட வேலைன்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அதானே வழக்கம்."

"நாம மேல போய் வாங்கிக்கிட்டா?"

"நீ வாங்கு. எனக்கு முழங்கால் வலி" என்றார் ஆயா. ஆனால் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

பெரட்டுக் களத்துக்கு அடுத்து கோயில் தேர்க்கொட்டகை இருக்கிறது. தேர் ஒரு மூலையில் நிற்கும், மீதி இடம் வருடம் முழுவதும் சும்மா கிடக்கும். காலையில் பிள்ளைகளை அங்கேயே வாங்கி, பாலும் பயறும் கொடுத்து, பனி விலகிய பிறகு மெதுவாகக் கீழே கூட்டி வந்தால் போதும். மாலையில் சிக்கல் இல்லை. கொழுந்தின் கடைசி நிறுவை கீழேதான் நடக்கும், தாய்மார் காம்பராவைக் கடந்துதான் லயத்துக்கு ஏறுவார்கள்.

கொட்டகைச் சாவி தோட்டத் தலைவர் சிவஞானத்திடம் இருந்தது. அவர் லேசில் சம்மதிக்கவில்லை.

"கொட்டகையில புள்ளைங்க மூத்திரம் பேஞ்சு வச்சா?"

"ஒங்க பேரனும்தானே தலைவரே பேயப் போறான். ஆத்தா கோவிக்க மாட்டா."

"கவிச்சி ஏதும் கொண்டு வரப்படாது."

"பயறுல ஏது தலைவரே கவிச்சி?"

"நீ வாயாலேயே தோட்டத்த வித்துடுவ புள்ள" என்று சாவியைக் கொடுத்தார்.

ரிப்கானிடம் கலா அக்கா பேசிய விதம் வேறு. விதியை மாற்றச் சொல்லவில்லை. "ஆள் வர்ற வரைக்கும் செஞ்சு பார்க்கிறேன் சேர். சரிவரலன்னா நானே நிப்பாட்டிடுறேன்" என்றார். வழியில் பிள்ளை விழுந்தால் யார் பொறுப்பு என்று ரிப்கான் கேட்டார். முடிச்சுப் போட்ட நீளக் கயிறு ஒன்றைக் கலா அக்கா காட்டினார். ஒரு முடிச்சுக்கு ஒரு பிள்ளை. முன்னால் அவர், பின்னால் ஆயா, கைக்குழந்தைகள் இரண்டு பேர் இடுப்பிலும். ரிப்கான் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாது மிஸ், ஆனா செய்ங்க" என்றார்.

முதல் நாள் நன்றாக நடக்கவில்லை. பாதிப் படியில் ஒரு பிள்ளை உட்கார்ந்துகொண்டது, கயிறு முழுவதும் நின்றுவிட்டது. இரண்டாம் நாள் அட்டை கடித்து ஒரே அழுகை. அடுத்த நாளிலிருந்து கால்களுக்குச் சவர்க்காரம் தடவி அனுப்பச் சொன்னார் கலா அக்கா. படிகளை விட்டுவிட்டு, சுற்றாக இருந்தாலும் வண்டிப் பாதையில் இறங்கினார். மாதக் கடைசியில் கயிற்றில் முடிச்சுப் போதவில்லை. துஷாந்தியின் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

கொம்பனி அதிகாரி சொல்லாத நாளில், காலையிலேயே வந்தார். வந்தவர் நேரே காம்பராவுக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. கொட்டகை விஷயத்தை ரிப்கான் அவரிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. நாங்கள் வண்டிப் பாதையில் இறங்கி வரும்போது அவர் வாசலில் நின்று தொலைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கயிறு வளைவில் திரும்பி, ஒவ்வொரு பிள்ளையாக வெளிப்பட, பேச்சை நிறுத்தினார்.

நான் அவர் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "காலையில மேலயே எல்லாம் நடக்குதுன்னா, இந்தக் கட்டடம் என்னத்துக்கு?"

நாங்கள் கண்டுபிடித்த வழியே எங்களுக்கு எதிராக நின்றது. நேர்முகப் பரீட்சைகளில், நீங்கள் தீர்த்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். தீர்த்த பிறகு வரும் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

கலா அக்கா கதவைத் திறந்து பிள்ளைகளை உள்ளே அனுப்பினார். பிறகு, "கொட்டகைக்குச் செவரு இல்ல சேர். பகல்ல காத்தடிக்கும், புள்ளைங்க தூங்காது. கொழுந்து நிறுக்கப் போற வழியில பால் குடுக்க வர்ற அம்மாமாருக்கும் இந்த இடந்தான் கிட்ட. மேல வாங்குறதுக்கு அது, வச்சுப் பார்க்கிறதுக்கு இது. ரெண்டுல ஒண்ண எடுத்தா மத்ததுல வேல இல்ல" என்றார்.

அதிகாரி உள்ளே போய்த் தொட்டில்களைப் பார்த்தார். எண்ணிக் குறித்துக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த கிழமை மதியம் ரிப்கான் அழைத்தார். நான் அங்கேதான் இருந்தேன். கலா அக்கா தொலைபேசியைக் காதில் வைத்து, "சரி சேர், சரி சேர்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு வைத்தார்.

"கீழ் டிவிசனோட சேர்க்கலையாம். இங்கேயே நடத்தச் சொல்லிட்டாங்க."

இராக்கம்மா ஆயா இரண்டு கையையும் தூக்கி, "ஆத்தா!" என்று ஆரம்பித்தார்.

"மெதுவா ஆயா" என்றார் கலா அக்கா, பாய்களில் தூங்கும் பிள்ளைகளைக் காட்டி. "ஒண்ணு எழும்பினா எல்லாம் எழும்பிடும். பொறகு நீதான் ஆட்டணும்."