என் மாமனார் போட்ட பத்து நாள் சட்டம்

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு காலை, சோலாப்பூரில் எங்கள் தறிக்கொட்டகைக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்கு எனக்கு போன் வந்தது. தறிச் சத்தத்தில் எனக்குப் பாதிக் காது போய்விட்டது. ஆனாலும் விம்கோ நகரில் என் மாமனார் தெருவில் இருக்கும் சரோஜா அக்கா பேசினால் மட்டும் தெளிவாகக் கேட்கும். அந்தக் குரலுக்கு போனே தேவையில்லை.

"மாப்ள, நைனா போய்ட்டாரு."

"எந்த ஊருக்குக்கா?" என்று கேட்டேன்.

அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "இந்த வாட்டி நெசமாவே போய்ட்டாரு மாப்ள" என்றார்.

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று இந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும். நாளைக்கு, தெருவே நைனா என்று கூப்பிட்ட என் மாமனாரின் காரியத்துக்கு வரப்போகும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். "சுத்தி வளைக்காதீங்கப்பா" என்று இப்போதே முணுமுணுக்கிறாள். சுற்றி வளைக்காமல் என் மாமனாரைப் பற்றிப் பேச முடியாது. அவர் நேராகப் போன இடம் ஒன்றுகூட இல்லை.

மாமா துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர். நான் சோலாப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த போர்வையை, வியர்க்கிற ஊரில், மார்கழி முழுக்கத் தலையோடு போர்த்திக்கொண்டு திரிவார். "குளிருதா மாமா?" என்று கேட்டால், "குளிரு கீதோ இல்லியோ, மருமவன் கீறாரு இல்ல?" என்பார்.

இந்தத் தெருவுக்குத் தண்ணீர், காலையில் வரும் லாரியிலிருந்துதான். வீட்டுக்கு எட்டுக் குடம். விருந்தாளி வந்திருந்தால் தலைக்கு ஒரு குடம் கூடுதல். ஆனால் பத்து நாளைக்குத்தான். வரிசையைப் பார்த்துக்கொள்வது சரோஜா அக்கா. அந்தப் பத்து நாள் சட்டத்தைப் போட்டது யார் தெரியுமா? என் மாமாவேதான். ஒரு வருஷம் சரோஜா அக்காவின் தம்பி குடும்பம் அரக்கோணத்திலிருந்து வந்து ஒரு மாதம் தங்கிவிட்டது. அந்தத் தம்பி ஒரு நாளைக்கு இரண்டு முறை குளிப்பவர். மாமா தெரு நடுவில் நின்று, "பத்து நாளு வரைக்கும் விருந்தாளி. அதுக்கு மேல வூட்டு ஆளு" என்று சட்டம் போட்டுவிட்டார். சரோஜா அக்கா அதை மறக்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முந்தைய மார்கழி. மழை ஏமாற்றிய வருஷம். பிள்ளைகளுக்கு லீவு என்று நானும் என் மனைவி கலாவும் இரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கினோம். மாமா புதிதாக நாலு பச்சைக் குடம் வாங்கி வைத்திருந்தார். விருந்தாளிக் குடம் என்று தெரியவேண்டுமாம், ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்புப் பெயின்டில் கோடு போட்டிருந்தார்.

நாங்கள் வெறும் லீவுக்கு வரவில்லை. தறிக்கொட்டகையை முதலாளி சேட்டு இழுத்து மூடியிருந்தார். "திறந்தால் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். இது கலாவுக்கு மட்டும் தெரியும். மாமாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊர் செய்யாறு பக்கம். அங்கே என் அண்ணன் வேலை போய் மாமியார் வீட்டில் மூன்று மாதம் இருந்தார். மாட்டுக்கு வைக்கோல் போட்ட பிறகுதான் அவருக்குச் சோறு. மாடு தின்று முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த மாடு வேறு மெதுவாகத் தின்னும். வீட்டோடு மாப்பிள்ளை என்ற பெயர் எனக்கும் வந்துவிடக்கூடாது என்பதுதான் அந்த நாள்களில் என் ஒரே பயம்.

தெருவில் சரோஜா அக்கா வீட்டில் மட்டும்தான் போன். வந்த இரண்டாம் நாளே அங்கே போய்ச் சேட்டுக்குப் பேசினேன். யாருக்கும் புரியாது என்று தைரியமாக இந்தியில் கத்தினேன். வேலை உண்டா, இல்லையா, சோற்றுக்கு என்ன செய்வேன் என்று எல்லாவற்றையும் கத்தினேன். வெளியே வந்தால் மாமா குடத்தோடு நிற்கிறார். "லைன் கெடச்சுதா மாப்ள?" என்று கேட்டார். "கிடைச்சுது மாமா, சும்மா சேட்டை விசாரிச்சேன்" என்றேன். "நல்லாருக்காரா?" என்றார். "நல்லாருக்கார்" என்றேன்.

பத்தாம் நாள் வந்தது. தண்ணீர் வரிசையில் சரோஜா அக்கா பிடித்துக்கொண்டார்.

"இன்னா நைனா, பத்து நாளு ஆயிடிச்சி. நாளியிலேருந்து பச்சக் கொடத்தக் கண்ணுல காட்டாத."

"நாளிக்கு அவங்க கெளம்பறாங்கம்மே. நீ இன்னாத்துக்கு பேஜாரு பண்ற?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கே கிளம்புகிறோம்? வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஊருக்குத்தான்" என்றார். "எந்த ஊருக்கு மாமா?" "ராயபுரம். என் தங்கச்சி வூட்ல மத்தியானம் மீன் கொழம்பு. சாயங்காலம் திரும்பிடலாம்."

மறுநாள் காலை பெட்டி, பை எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பெட்டியில் கனம் தெரியவேண்டும் என்று மாமா அம்மிக்குழவியை உள்ளே வைத்துவிட்டார். அதை நான்தான் தூக்கினேன். தெருவே வெளியே வந்து வழியனுப்பியது. ஒருவர் முறுக்குப் பொட்டலம் கொடுத்தார். என் அத்தை, அதாவது மாமியார், நிஜமாகவே அழுதார்.

"இன்னாத்துக்கு அழுவுற? சாயங்காலம் வந்துருவாங்க" என்று மாமா அவர் காதில் சொன்னார்.

"அது எனக்குத் தெரியும்யா, கண்ணுக்குத் தெரியலியே" என்றார் அத்தை.

சாயங்காலம் விம்கோ நகர் ஸ்டேஷனில் இறங்கியதும் மாமா எங்களை நிறுத்திவைத்தார். "யாரும் மூஞ்சி கழுவாதீங்க. ரெண்டு நாளு ரயில்ல வந்த களைப்பு தெரியணும்." பிள்ளைகளின் தலையைக் கையாலேயே கலைத்துவிட்டார். தெருமுனையில் சரோஜா அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இன்னா நைனா, காத்தால போன ரயிலு சோலாப்பூரைத் தொட்டுட்டுத் திரும்பிடிச்சா?"

"போனது போனதுதான், வந்தது வந்ததுதான். ரெண்டையும் ஏம்மே ஒண்ணாப் போட்டுக் கொழப்புற? எம்மாந்தூரம் போவணும்னு சட்டத்துல கீதா?"

சட்டத்தில் இல்லை. மறுநாள் காலை நாலு பச்சைக் குடமும் வரிசையில் இருந்தன.

இருபதாம் நாள் மறுபடி கிளம்பினோம். இந்த முறை அம்மிக்குழவி வேண்டாம் என்று நான் காலில் விழாத குறை. முப்பதாம் நாள் மூன்றாம் முறை. அதற்குள் தெருவுக்கே பழகிவிட்டது. "மாப்ள, சோலாப்பூருலேர்ந்து வரும்போது காசிமேட்டுல ரெண்டு கிலோ சங்கரா மீனு வாங்கியாங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். வாங்கிக்கொண்டும் வந்தேன். இதை எழுதிக்கொண்டிருக்கும் இதே மகள், அப்போது ஆறு வயது, "தாத்தா, இன்னிக்கு ஊருக்குப் போறதுக்குப் பவுடர் போடணுமா, வேணாமா?" என்று தெரு நடுவில் கேட்டாள்.

சரோஜா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பத்தாம் நாளும் அதே சண்டை, அதே குரல். இந்த அம்மாவுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று நான் மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

முப்பத்தேழாம் நாள் சேட்டு கூப்பிட்டார். தறி ஓடுகிறது, உடனே வா என்றார். மறுநாளே நிஜமாகக் கிளம்பினோம். ஒருவரும் நம்பவில்லை. வாசலுக்குக்கூட யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து, "சாயங்காலம் பிள்ளைங்களுக்குப் பாலு வாங்கி வெக்கட்டா?" என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

மாமா சென்ட்ரல் வரைக்கும் வந்தார். ரயில் நகரும்போது சட்டைப் பையிலிருந்து அட்டை டிக்கெட்டுகளை எடுத்துப் பார்த்து விழித்தார். பழக்கதோஷத்தில் ஐந்து பேருக்கும் லோக்கல் ரயிலில் போகவர டிக்கெட் வாங்கியிருந்தார். ஒன்றை வைத்துக்கொண்டு நாலை ஜன்னல் வழியாக என் கையில் திணித்தார். "இன்னியோட செல்லாது. இருந்தாலும் வெச்சிக்கோங்க மாப்ள" என்றார். போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். மத்தியான வெயிலில்.

இப்போது சாவுக்கு வந்தபோது, ஐஸ் பெட்டிக்குள்ளும் அந்தப் போர்வையைப் போர்த்தித்தான் வைத்திருந்தார்கள். எடுக்கும்போது தெரு முழுக்க வெளியே வந்து நின்றது. சாயங்காலத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது சரோஜா அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லட்டா மாப்ள? நீங்க அன்னிக்கு எங்கூட்டுப் போன்ல இந்தியில கத்தினீங்களே, நைனா இருபத்தஞ்சு வருசம் ஆர்பர்ல இந்திக்காரங்களோட மூட்ட தூக்குனவரு. ஒரு வார்த்தை விடாம வெளங்கிடிச்சி. நேரா எங்கிட்ட வந்தாரு. 'சரோஜா, எம்மருமவனுக்கு வேலை போய்டிச்சி. நீ பாவம் பாத்து தண்ணி வுட்டுடாத. கறாரா கேளு, சண்டை போடு. சண்டை போட்டாத்தான் அவரு விருந்தாளி. பாவம் பாத்தா அன்னிக்கே வூட்டோட மாப்ள'ன்னாரு. மனசில்லாமத்தான் மாப்ள நான் கத்தினேன்."

முப்பத்தேழு நாள் அம்மிக்குழவி தூக்கினால்கூட வராத வலி அது.

பத்து நாள் ஆனது. காலையில் தண்ணீர் வரிசையில் சரோஜா அக்கா என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் மாறவில்லை.

"இன்னா மாப்ள, பத்து நாளு ஆயிடிச்சி. பச்சக் கொடத்துக்கு இன்னா கணக்கு?"

மறுநாள் காலை பெட்டியை எடுத்தேன். கேட்காமலே கலா அம்மிக்குழவியைக் கொண்டுவந்து உள்ளே வைத்தாள். அத்தை வாசலில் நின்று அழுதார். ராயபுரம் போகத் தெம்பு இல்லை. நாலு பேரும் விம்கோ நகர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் தாங்களாகவே தலையைக் கலைத்துக்கொண்டன.

மாமாவிடமிருந்து என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: செல்லாத நாலு டிக்கெட், கழுத்தில் சிவப்புக் கோடு போட்ட நாலு குடம், இந்தத் தெருவில் சாகும்வரை விருந்தாளியாக இருக்கும் பாத்தியதை.

சாயங்காலம் திரும்பினோம். தெருமுனையில் சரோஜா அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"வாங்க மாப்ள. எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்க்கா, ரயிலை விட்டு இறங்கறேன்" என்றேன்.