அது பெரியம்மா குரல் இல்லை

மூன்று வாரத்துக்கு முன்பு எங்கள் தெருவே பூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போனது.

நிஜமாகத்தான். எங்கள் தெருவில் மொத்தம் பதினோரு வீடு. ஒன்பது வீட்டில் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோ. யாரும் ஹீரோவுக்காகப் போகவில்லை. செல்வி அக்காவுக்காகப் போனோம்.

செல்வி அக்கா தெருமுனையில் மாவுக்கடை வைத்திருக்கிறார். இரண்டு பெரிய கிரைண்டர், நாள் முழுக்க ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவர் குரலே கரகரவென்று ஒரு மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு, "மாவு ரெடி... டப்பா எடுத்தாங்க!" என்று ஒரு குரல் கொடுத்தால் கடைசி வீடான எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். என் மகள் இனியா இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்; அக்காவைப் 'பெரியம்மா' என்றுதான் கூப்பிடுவாள். அந்தக் குரல் கேட்டால்தான் ஹோம்வொர்க் நோட்டை மூடுவாள். வீட்டில் கடிகாரம் இருக்கிறது. ஆனால் அவள் அதை நம்புவதில்லை.

போன வருடம் கல்வராயன் மலையில் ஒரு படத்தின் ஷூட்டிங் நடந்தது. படக்குழு கீழே கச்சிராயபாளையத்தில் தங்கியிருந்தது. அவர்களுக்கு மாவு செல்வி அக்கா கடையிலிருந்துதான் போனது, அவர் தம்பி முருகனின் லோடு வண்டியில். ஒரு நாள் அக்காவும் மலையைப் பார்த்துவிட்டு வரலாமே என்று வண்டியில் ஏறிவிட்டார். அன்றைக்குப் பார்த்து, அம்மா வேஷம் போட வேண்டியவர் வரவில்லை. மாவு வாளியோடு இறங்கிய செல்வி அக்காவை யாரோ ஏற இறங்கப் பார்த்திருக்கிறார்கள். "நீங்க நடிக்கிறீங்களாம்மா?"

காணாமல் போன மகன் திரும்பி வருகிறான். அம்மா ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அவ்வளவுதான் காட்சி. "உங்க வூட்டுல பேசற மாதிரியே பேசுங்கம்மா"ன்னு சொல்லிட்டாங்க, ஒரே டேக், எல்லாரும் கை தட்டினாங்க... இந்தக் கதையை ஒரு வருடமாக ஒவ்வொரு கரண்டி மாவோடும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம்.

படம் எப்படி? அதைச் சொல்ல நான் வரவில்லை. இடைவேளைக்குப் பிறகுதான் அந்தக் காட்சி வந்தது. செல்வி அக்கா திரையில் ஓடி வந்தார். தியேட்டரில் விசில் பறந்தது. முருகன் எழுந்து நின்றே கை தட்டினார். திரையில் அக்கா வாயைத் திறந்தார்.

"எங்கிட்டுப்பா போயிருந்த, என் ராசா..."

மெல்லிய, இனிமையான, அழகாக நடுங்குகிற ஒரு குரல்.

எனக்கு என்னவோ இடித்தது. ஸ்பீக்கர் சரியில்லையோ? விசில் சத்தத்தில் நான்தான் சரியாகக் கேட்கவில்லையோ? எனக்குச் சந்தேகம் வந்தால் முதலில் என்னைத்தான் சந்தேகப்படுவேன். அது என் வழக்கம்.

இனியாவுக்கு அந்த வழக்கம் இல்லை. "அம்மா, பெரியம்மா வாயில வேற யாரோ பேசறாங்க!" என்றாள். நான்கு வரிசைக்குக் கேட்கும்படி.

அவள் வாயைப் பொத்தினேன். கையால். நிஜமாகவே.

படம் விட்டு வெளியே வந்தோம். நீங்களும் பார்த்திருப்பீர்கள், இப்போதெல்லாம் தியேட்டர் வாசலில் மைக்கோடு நிற்பார்கள். "படம் எப்படிங்க?" "செம", "மொக்க", "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே". எங்கள் ஊர் தியேட்டர் வாசலில் அன்று அப்படி யாரும் இல்லை. அந்தக் குறையை முருகன் தீர்த்துவைத்தார். ஒரு கையில் செல்போன், இன்னொரு கையில் மைக்குக்குப் பதில் காலி வாட்டர் பாட்டில்.

"சொல்லுங்கண்ணே, எங்க அக்கா நடிப்பு எப்பிடி?"

"பின்னிட்டாங்கப்பா!"

"சொல்லுங்க ஆயா."

"அவ அழுவறா, நானும் அழுவறேன். முந்தானையே நனைஞ்சிபோச்சி."

"சார் நீங்க?"

"அவார்டு குடுக்கணும்." இது என் கணவர். இடைவேளைக்குப் பிறகு அவர் தூங்கிவிட்டார் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

பாட்டில் என்னிடம் வந்தது. செல்வி அக்கா பட்டுப்புடவையில் போஸ்டருக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப இயல்பா பண்ணியிருந்தீங்க அக்கா. எனக்கு அழுகையே வந்துடுச்சு" என்றேன்.

அடுத்து பாட்டில் கீழே இறங்கி இனியாவிடம் போனது.

"அது பெரியம்மா குரல் இல்ல. அந்தக் குரல் பொய்யா அழுவுது. எனக்குப் புடிக்கல."

யாரோ சிரித்தார்கள். யாரோ "த்சொ" என்றார்கள். செல்வி அக்காவின் முகம் சட்டென்று இறுகிவிட்டது. நான் இனியாவின் கையைக் கிள்ளினேன். "சின்னப் பிள்ள அக்கா... தூக்கக் கலக்கம்... தப்பா எடுத்துக்காதீங்க..." பாட்டிலைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ உளறினேன்.

வீட்டுக்கு வந்ததும் பாடம் நடத்தினேன். ஒருவர் ஆசையாய்க் கேட்கும்போது மனசு நோகப் பேசக் கூடாது. "யாராவது எப்படி இருக்குன்னு கேட்டா, நல்லா இருக்குன்னு சொல்லணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"நான் பேசினது எப்படி இருந்துச்சு?" என்று அவளையே கேட்டுப் பார்த்திருக்கலாம். தோன்றவில்லை.

மறுநாள் மாவு வாங்கப் போனேன். செல்வி அக்கா வழக்கமாக, "இன்னாம்மா வித்யா, இன்னிக்கி தோசையா?" என்று கேட்டுவிட்டு, அளந்தது போக அரைக் கரண்டி கூடவே விடுவார். அன்று பேச்சில்லை. அளவு சரியாக இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. சரியான அளவு இவ்வளவு வலிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வாரம் முழுக்க இதையே நினைத்துக் குமைந்தேன். பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்று நினைத்திருப்பாரோ? இன்னொரு முறை மன்னிப்புக் கேட்கலாமா? கேட்டால் ஆறிய புண்ணைக் கிளறின மாதிரி ஆகுமோ?

இந்தக் கவலையில் வீட்டுக்குள் நடந்ததை நான் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாம்பாருக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். இனியா முழுவதும் சாப்பிட்டாள். "எப்படிடி இருக்கு?" "நல்லா இருக்கு." டிவியில் அவள் வழக்கமாகக் கிண்டல் செய்யும் பாட்டுப் போட்டி. பாடுகிறவர் பாடி முடிப்பதற்குள் நடுவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். "இவங்க தெனமும் அழுவறாங்க, கண்ணு டாக்டர்கிட்ட காட்டணும்" என்று சொல்லிக்கொண்டிருந்த பெண், அன்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "பாட்டு எப்படி?" "நல்லா இருக்கு." பரவாயில்லையே, பக்குவம் வந்துவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

புதன்கிழமை பஜாரில் ஸ்கூல் ஷூ வாங்கினோம். கடைக்காரர் பாய் குனிந்து ஷூவின் நுனியை விரலால் அழுத்திப் பார்த்தார். "நல்லா நடந்து பாரு கண்ணு. டைட்டா இருந்தா சொல்லு, வேற எடுத்துத் தரேன்."

இனியா நடந்தாள். "நல்லா இருக்கு."

"நெஜமாவா? விரல் இடிக்கல?"

"நல்லா இருக்கு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் ஸ்கூல் வேனிலிருந்து இறங்கி நொண்டி நொண்டி வந்தாள். சாக்ஸைக் கழற்றினேன். குதிகால் தோல் உரிந்து, சாக்ஸில் ரத்தம் ஒட்டியிருந்தது. இரண்டு நாள் அந்த ஷூவோடு நடந்திருக்கிறாள். பிரேயரில் நின்றிருக்கிறாள். பி.டி. பீரியடில் ஓடியிருக்கிறாள்.

"ஏண்டி சொல்லல? பாய் ரெண்டு வாட்டி கேட்டாரே!"

"நீதான நல்லா இருக்குன்னு சொல்லச் சொன்ன?"

கோபமில்லை. குத்திக்காட்டவும் இல்லை. சொன்னதைச் செய்த பிள்ளையின் குரல், அவ்வளவுதான்.

தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஷூ போகட்டும். நாளைக்கு யாராவது இவளைத் தொடக் கூடாத விதத்தில் தொட்டுவிட்டு, "ஒண்ணும் இல்லையே பாப்பா, நல்லாதானே இருக்கு?" என்று கேட்டால்? அப்போது என்ன சொல்வாள்? நான் சொல்லிக்கொடுத்ததைத்தானே சொல்வாள்? குட் டச், பேட் டச் எல்லாம் ஸ்கூலில் சொல்லித்தருகிறார்கள். "எனக்குப் புடிக்கல" என்று அவள் சொல்வதை வீட்டில் நான் கிள்ளி நிறுத்துகிறேன்.

எனக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். உங்களுக்கும்தானே? பெண் பார்க்கப் போன வீட்டுக் காபி, நாத்தனார் எடுத்துத் தந்த புடவை, ஊரே கொண்டாடும் படம்... எல்லாவற்றுக்கும் நாம் சொன்ன விமர்சனம் ஒன்றுதான். பிடித்ததா என்று நம்மை நாமே கேட்டுக்கொண்ட ஞாபகம்கூட இல்லை. கேட்டவர் முகத்தைப் பார்ப்போம். அதில் என்ன பதில் எழுதியிருக்கிறதோ, அதைப் படித்துவிடுவோம்.

சனிக்கிழமை ஆறு மணிக்குக் குரல் வந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு, குதிகாலில் பிளாஸ்டரோடு இருந்த இனியாவையும் கூட்டிக்கொண்டு மாவுக்கடைக்குப் போனேன்.

"அக்கா, ஒரு விஷயம். அன்னிக்கு தியேட்டர் வாசல்ல நான் சொன்னது பொய். எனக்கு அழுகை வரல. அந்தக் குரல் உங்களோடதில்லைன்னு எனக்கும் தோணுச்சு. சொல்ல தைரியம் வரல."

செல்வி அக்கா இரண்டு கிரைண்டரையும் அணைத்தார். அந்தக் கடையை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததே இல்லை.

"எனுக்குத் தெரியாதா வித்யா? தியேட்டர்ல வாயத் தொறந்ததுமே தெரிஞ்சிபோச்சி. டப்பிங்குன்னு என்னைக் கூப்புடவே இல்ல. மெட்ராஸ்ல வேற யாரையோ வெச்சிப் பேசிக்கினாங்க. நம்ம பேச்சு படத்துல அம்மாவுக்கு ஒத்துவராதாம், மறுநாளு போன் பண்ணிக் கேட்டான் முருகன்." மாவு ஒட்டிய கையை வழித்துக்கொண்டே சொன்னார். "அதுகூடப் பரவால்ல. ஒம்போது வூட்டு ஜனம் வந்தீங்க. தெனம் என் கொரலக் கேட்டுத்தான் டப்பா எடுத்துக்கினு வர்றீங்க. ஒருத்தராவது, 'இன்னா செல்வி, இது உன் கொரல் இல்லியே'ன்னு கேக்கலியே? அம்மாம் பேர்ல இந்தக் குட்டி ஒண்ணுதான் என்னைக் கண்டுபுடிச்சிது."

எனக்குத் தலை குனிந்துவிட்டது. "அப்ப ஏன் அக்கா ஒரு வாரமா என்கிட்ட பேசல? பாப்பா பேசினதுக்குக் கோபம்னு நெனச்சு..."

"அது மேல இன்னாத்துக்குக் கோவம்? உம்மேலதான். உண்மையச் சொன்ன பிள்ளயக் கிள்ளினியே, நான் பாக்கலன்னு நெனச்சிக்கினியா?"

டப்பாவின் மூடியைத் திறந்தேன், மூடினேன்.

செல்வி அக்கா கல்லாப்பெட்டியைச் சுற்றி வெளியே வந்தார். "இப்பப் பாரு குட்டி. அன்னிக்கி மலையில நான் நெஜமா இன்னா பேசினேன்னு காட்டறேன்." புடவையை இடுப்பில் செருகிக்கொண்டார். மாவு வாளிதான் மகன். ஓடிப்போய் அதைக் கட்டிக்கொண்டார்.

"எங்கடா போன? காத்தாலேந்து தேடிக்கினு கெடக்கறேன்டா... வூட்டுக்கு வாடா... வந்து ஒரு வாய் துன்னுடா!"

கரகரத்த, உடைந்த, தெருக்கோடி வரை கேட்கும் அந்தக் குரல். பஜாரிலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

அக்கா நிமிர்ந்தார். "சொல்லு குட்டி. எப்பிடி இருந்துச்சி?"

இனியா வாயைத் திறந்தாள். மூடினாள். பிறகு, திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

ஷூ கடையிலும் இப்படித்தான் பார்த்திருப்பாள். நான் கவனித்திருக்க மாட்டேன்.

நல்லா இருக்குன்னு சொல்லு என்று என் முகம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. அதை எப்படி மாற்றுவது என்று தெரியவில்லை. சட்டென்று திரும்பி, கிரைண்டருக்கு மேலே மாட்டியிருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தேன். ராகு காலம், எமகண்டம், எல்லாவற்றையும் படித்தேன்.

முதுகுக்குப் பின்னாலிருந்து இனியாவின் குரல் வந்தது.

"கொரல் சூப்பர் பெரியம்மா. ஆனா, நீங்க கடைசியில லேசா சிரிச்சிட்டீங்க. வாளியப் பாத்து."

செல்வி அக்கா சிரித்த சிரிப்பு எங்கள் வீடு வரை கேட்டதாகக் கணவர் பிறகு சொன்னார். அன்று டப்பா நிறைந்து, மூடி போட முடியவில்லை.

நான் செய்தது எல்லாம் சரி என்று சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும் உண்மையை உடைத்துப் பேசலாமா, தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமா, எந்த வயதில் எதைச் சொல்லித்தர வேண்டும் — எனக்கு இன்னும் தெரியவில்லை. அதையெல்லாம் மெதுவாகச் சொல்லித்தரலாம். முதலில் ஷூ கடிக்கிறது என்று அவள் சொல்லட்டும்.

பாய் மறுபேச்சில்லாமல் ஷூவை மாற்றித் தந்தார். இந்த முறை இனியா கடையை மூன்று சுற்று சுற்றி நடந்துவிட்டுத்தான் தலையாட்டினாள்.

நேற்று இந்தப் பத்தியை எழுதி முடித்ததும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தரையில் படுத்து யானை ஒன்றுக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிடி இருக்கு?"

"வாளி வர்ற எடம் நல்லா இருக்கு. மத்ததெல்லாம் ரொம்ப நீளம்" என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.