ஏழு மணிச் சங்கு

செம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தொழிற்சாலையை மூடிப் பல வருடங்களாகிவிட்டன. ஆனாலும் காலை ஏழு மணிக்கு அதன் சங்கு ஊதும். அதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் வாஷி ரயிலுக்கும் கிளம்புவார்கள்.

அப்பா அங்கே ஃபிட்டராக இருந்தவர். பக்கவாதத்தில் வலது கைகால் விழுந்துவிட்ட பிறகும், சங்கு கேட்டதும் வேலைக்குப் போக எழப்பார்ப்பார். கட்டிலிலிருந்து உருண்டு விழுவார். நெற்றி கிழிந்து தையல் போட்ட அன்று, தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். சங்கை ஊதும் காவலாளி அப்பாவோடு வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர்.

"காலைச் சங்க மட்டும் நிறுத்திருங்க மாமா. அப்பா விழுந்தே செத்துருவாரு," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒருநா லேட்டானதுக்கே இந்தக் குடியிருப்பு சொசைட்டிக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்கம்மா. நிறுத்துனா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாங்க. நான் எங்க போவேன், சொல்லு?"

வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் ஏழடிப்பதற்கு முன்பே அப்பாவின் தோள்களை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சங்கு ஊதியதும் திமிறினார்.

"விடு, லேட்டாவுது. கேட்டப் பூட்டிருவான்," என்று குழறினார்.

இப்போதும் தினமும் அப்படித்தான் பிடித்துக்கொள்கிறேன். அவர் திமிறுவதில்லை. அழ மட்டும் செய்கிறார்.