எந்த நாங்க?

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நாங்க ஒகேனக்கல் போறோம்" என்றார் என் கணவர். போய்விட்டு வரட்டும் என்று நான் துணி துவைக்கப் போய்விட்டேன். எல்லோரும் காரில் ஏறிய பிறகு, இன்னும் கிளம்பவில்லையா என்று மாமியார் சத்தம் போட்டார். அவர்கள் வீட்டில் பேசுவது கன்னடம். அதில் "நாவு" ஒன்றுதான். என்னைச் சேர்த்தாலும் விட்டாலும் அதே சொல். பாலக்கோட்டு மண்டியில் தமிழிலேயே தக்காளிக்குச் சண்டை போடுகிற என் கணவருக்கு, "நாம" மட்டும் வாயில் வராது. பாஷைக் கோளாறு என்று விட்டுவிட்டேன். வருஷக்கணக்கில் விட்டேன்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. சொந்தமாக ஒரு மொழி செய்துகொண்டிருக்கிறேன். மரம், மழைக்கெல்லாம் யார் வேண்டுமானாலும் பெயர் வைத்துவிடலாம். "உம்", "தான்", "ஆ" மாதிரிப் பொடிச் சொற்கள்தான் உயிரை வாங்கும். என் மொழியில் கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் "மே", சேர்க்காவிட்டால் "சூ". கணவர் சிரித்தார். ஆடு கத்துவது ஒன்று, கோழி விரட்டுவது ஒன்றா, ஒரே சொல் போதாதா என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாது என்று விடாப்பிடியாகச் சொல்லிக்கொடுத்தேன். அவரும் விளையாட்டாகப் பிடித்துக்கொண்டார். "மே டீ குடிக்கலாமா" என்பார். தன் தம்பியோடு வெளியே கிளம்பினால் "சூ போறோம்" என்பார். ஒருமுறைகூட மாற்றிச் சொன்னதில்லை.

போன மாதம் வீட்டுக்கு ஒரு புது ட்ரங்குப் பெட்டி வந்தது. எட்டாவது முடித்த எங்கள் மகளுக்காம். ஓசூரில் ஹாஸ்டல் பார்த்தாகிவிட்டதாம். அவள் உள்ளறையில் அழுதுகொண்டிருந்தாள். பெற்றவள் எனக்கே அந்தப் பெட்டியைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரியும்.

அவர் சாப்பிட உட்கார்ந்ததும் யாரைக் கேட்டு என்றேன்.

"நாங்க முடிவு பண்ணிட்டோம்" என்றார்.

"மேயா, சூவா?" என்று கேட்டேன்.

களியை உருட்டிக்கொண்டே, தலை நிமிராமல் பதில் சொன்னார்.

"சூ."

துளி யோசனை இல்லை. அப்படியானால் வித்தியாசம் தெரிந்துதான் இத்தனை வருஷமும் "நாங்க" என்று பேசியிருக்கிறார். மாமியார் அவர் தட்டில் குழம்பை ஊற்றினார். பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

"புள்ள எங்கயும் போவாதுங்க" என்றேன், தமிழில்.