என் பானைக்கு நானே காவல்

மூணு நாள் நான் காவல் நின்னேன். எதுக்குன்னா, என்கிட்ட இருந்து திருட்டுப்போன பானைக்கு. அதுவும் திருடுனவருக்கு நடுநடுவுல சாயா வாங்கிக் குடுத்துக்கிட்டு. இப்படி ஒரு மடையனை கிழக்கேகோட்டையில இருந்து தம்பானூர் வரைக்கும் தேடுனாலும் கிடைக்க மாட்டான். புதுசா வேலைக்குப் போற பிள்ளைங்க யாராவது இதைப் படிச்சுத் தப்பிச்சா செரி. நான் சொல்லச் சொல்ல என் மக போன்ல அடிக்கா. ஒரு எழுத்தையும் திருத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.

என் பேரு முத்தையா. அஞ்சாங்கிளாஸ்னு வெளிய சொல்லிக்கிடுவேன், நாலுலயே நின்னாச்சு. தமிழு எழுத்துக்கூட்டி வாசிப்பேன். மலையாளம் வாயில வரும், கண்ணுல வராது. பஸ்ஸுல தம்பானூர் போர்டை மட்டும் கண்டுபிடிப்பேன், அதுவும் எழுத்தைப் பாத்து இல்ல, நீளத்தைப் பாத்து. நாகர்கோவில் பக்கம் பானை செய்யுத குடும்பம் எங்களுது. இங்க மலையாளம் பேசுற ஊருக்கு வந்து, சாலைக் கடைத்தெருவுல சட்டி வித்துக்கிட்டிருந்த என்னை ஒரு பிரைவேட் ஸ்கூல்ல எடுத்தாங்க. வேலைக்குப் பேரு கிளே ஹெல்பர்.

1. சுவிட்சு

முதல் நாளு ஆர்ட் சார் என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. பிரதீப் சார். பெயின்டிங்ல பெரிய படிப்பு படிச்சவரு. "முத்தையா மண்ணு குழைச்சுத் தந்தா மதி. பாக்கி ஞான் நோக்கிக்கிடாம், கேட்டோ"ன்னாரு. மண்ணு குழைச்சாப் போதும், மீதியை அவரு பாத்துக்கிடுவாராம். நானும் குழைச்சேன்.

மத்தியானம் அவரு சாப்பிடப் போன நேரம், கரண்டு வீல்ல உக்காந்து பாப்பமேன்னு ஒரு ஆசை. மண்ணை வச்சு சுவிட்சைப் போட்டேன். அது இடது பக்கமா சுத்துது. எங்க வீட்டுல சக்கரம் கோயிலைச் சுத்துற மாதிரி வலது பக்கமா சுத்தும். என் கை அப்படியே பழகுன கை. கை ஒரு பக்கம் போக, சக்கரம் ஒரு பக்கம் போக, மண்ணு பறந்துபோய் ஸ்கூலு ஆரம்பிச்ச பெரியவரு போட்டோவுல, கரெக்டா மீசையில ஒட்டிக்கிட்டு. பிள்ளைங்க சிரிச்ச சிரிப்புல எனக்கு முதல் நாளே வேலை போயிருக்கணும்.

அப்புறம் பாத்தா, வீலுக்கு அடியில ஒரு சின்ன சுவிட்சு. அதை மாத்துனா வலது பக்கமா சுத்தும். அன்னைக்கு ஆரம்பிச்சுது சண்டை. நான் சாயந்திரம் மாத்தி வைப்பேன். காலையில சார் வந்து உக்காருவாரு, மண்ணு சரிஞ்சு விழும். "ஆரா இது மாத்தினது? வீல் இடத்தோட்டே சுத்தணும்"னு கத்துவாரு. உண்மையைச் சொல்லணும்னா எந்தப் பக்கம் சுத்துனாலும் சார் கையில மண்ணு உக்காரும், எந்திரிக்காது.

ரெண்டு மாசத்துல சார் வீல் பக்கம் வாறதை விட்டுட்டாரு. அட்டன்டன்ஸ் எடுப்பாரு, போனை எடுப்பாரு. கிளாஸ் எடுக்கது நான். எப்பவாவது வந்து பாத்தா மட்டும் சுவிட்சுக்கு ஒரு கத்து கத்துவாரு. ரெண்டு வருஷம் இப்படியே ஓடுச்சு.

2. பதினாலு

ஒரு நாள் பிரின்சிபால் டீச்சர் கூப்பிட்டு விட்டாங்க. கிளே டீச்சர்னு புதுசா ஒரு போஸ்ட் வருது, கைவேலை ஆனதால சர்டிபிகேட் கட்டாயம் இல்ல, சொந்தமா செஞ்சதைக் கமிட்டிக்குக் காட்டுனா போதும்னாங்க. எனக்கு அன்னைக்குக் கால் தரையில படல. ஊர்ல சொந்தக்காரங்க ஸ்கூல்ல என்ன வேலைன்னு கேட்டா இத்தனை நாளும் நான் இருமிக்கிட்டே பதில் சொல்லுவேன். டீச்சர்னு சொல்லலாம்னா இருமவே வேண்டாம் பாருங்க.

ஸ்கூலு விட்டப்புறம் தினமும் உக்காந்து பதினாலு உருப்படி செஞ்சேன். வாய் அகலமா சட்டி மாதிரி சிலது, இடுப்பு ஒடுங்குனது சிலது. ஒரு கூஜாவுக்குக் கழுத்து ஒரு முழம், உள்ள ரெண்டு விரலுதான் போகும். அதுக்காக மூணு கூஜா கழுத்து முறிஞ்சு செத்துது. சூளையில இருந்து எடுத்து ஒவ்வொண்ணையும் விரலால சுண்டிப் பாத்தேன். எல்லாம் மணி மாதிரி கேட்டுது.

பிரதீப் சாரும் வந்து சுண்டிப் பாத்தாரு. "இது கிளாஸ் ரூம்ல வச்சா ஆரு காணும்? அடுத்த ஆழ்ச்சை என்டெ எக்ஸிபிஷன் இல்லே, அவிடெ வைக்காம். கமிட்டியும் அவிடெத்தான் வரும். உனக்கு நல்லதல்லே?"ன்னாரு. அடுத்த வாரம் நடக்குற அவரு எக்ஸிபிஷன்லயே வைக்கலாங்காரு, மனுஷன் எவ்வளவு நல்லவருன்னு நினைச்சேன். பானைங்களை என் வீட்டுக்காரி பழைய சேலையைக் கிழிச்சு நானே சுத்துனேன். ஆட்டோக்காரர்கிட்ட பிரசவத்துக்குப் போற மாதிரி மெதுவாப் போங்க அண்ணேன்னு நானே சொன்னேன். வேற எந்தத் திருடனுக்காவது இவ்வளவு வசதி கிடைச்சிருக்குமா?

3. கார்டு

எக்ஸிபிஷன் மூணு நாளும் பானைங்களுக்குக் காவலா சார் என்னையே நிக்க வச்சாரு. ஹால்ல ஒவ்வொரு பானை முன்னாலயும் ஒரு வெள்ளைக் கார்டு வச்சிருந்தாங்க. மேல இங்கிலீஷு, கீழ மலையாளம். தொடாதீங்கன்னு எழுதியிருக்கும்போலன்னு நானா நினைச்சுக்கிட்டேன். யாராவது பானையில கை வச்சா, அந்தக் கார்டைக் காட்டி, "எழுதி வச்சிருக்குல்லா, வாசிக்கத் தெரியாதா?"ன்னு ஏசுவேன். படிச்சவங்க எத்தனை பேரை ஏசியிருப்பேன். சில பேரு கார்டையும் பாத்து என்னையும் பாத்துட்டுப் போயிருக்காங்க. இப்ப நினைச்சாலும் காது சுடுது.

மூணாம் நாளு பழவங்காடி பக்கம் பாத்திரக்கடை வச்சிருக்க ஒரு தமிழம்மா வந்தாங்க. கூஜா கழுத்தைத் தொட்டாங்க. நான் வழக்கம்போல கார்டைக் காட்டி ஏசுனேன். அந்தம்மா கண்ணாடியைப் போட்டுப் பாத்துட்டு, "தொடாதேன்னு எங்க போட்டிருக்கு? செஞ்சவரு பேருல்ல போட்டிருக்கு"ன்னாங்க.

"என்ன பேரும்மா?"

"பிரதீப்புன்னு."

அடுத்ததுல என்னன்னு கேட்டேன். அதுலயும் அதே பேரு. அதுக்கடுத்ததுலயும் அதே. ஏழாவது கார்டுக்கு வந்தப்ப அந்தம்மா என் மூஞ்சியைப் பாத்துட்டு வாசிக்கதை நிறுத்திட்டாங்க. "மீதியும் வாசிங்கம்மா"ன்னேன். பதினாலும் வாசிச்சாங்க.

4. உள்ள பாருங்க

மத்தியானம் பிரின்சிபால் டீச்சரும் கமிட்டிக்காரங்க ரெண்டு பேரும் வந்தாங்க. டீச்சர் நேரா என்கிட்ட, "முத்தையா, உங்க வர்க் எவிடெ?"ன்னாங்க. நான் வாயைத் திறக்கதுக்குள்ள சார், "பாவம், அவனுக்கு சமயம் கிட்டியில்லா"ன்னாரு. பாவமாம். எனக்குச் செய்ய நேரம் கிடைக்கலையாம், நான் பாவமாம்.

"இந்தப் பதினாலும் நான் செஞ்சது டீச்சர்"னேன்.

சார் சிரிச்சாரு. மண்ணு குழைச்சது இவன், வீல்ல இருந்து செஞ்சது நான்னாரு. அந்தச் சிரிப்புலதான் எனக்குத் தலை சூளையாயிட்டு. பானை செய்யுறவன் பேரு போட மாட்டான். எங்க பக்கம் அப்படி வழக்கமே இல்ல, சோறு வடிக்க பானையில எவன் பேரைப் போடுவான்? ஆனா கை போன தடம் உள்ள இருக்கும். விரலு ஏறுன கோடு சுத்திச் சுத்தி மேல வரும். சக்கரம் வலது பக்கம் சுத்துனா கோடு ஒரு பக்கமா ஏறும், இடது பக்கம் சுத்துனா அதுக்கு எதிர்ப்பக்கமா ஏறும். அதை யாராலயும் மாத்த முடியாது.

ஹாலுக்கு நடுவுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு கிண்ணம் இருந்துது. சாரு காலேஜ்ல படிக்கப்ப செஞ்சது, அவரு வாழ்க்கையில எந்திரிச்சு நின்ன ஒரே மண்ணு. அதை வெளிய எடுத்தேன். போன்ல டார்ச்சு போட்டு, "இதுக்குள்ள பாருங்க டீச்சர், அப்புறம் அதுக்குள்ள பாருங்க"ன்னேன். டீச்சர் கிண்ணத்தைப் பாத்தாங்க. வாய் அகலமான பானை மூணைப் பாத்தாங்க. கோடு ரெண்டும் ரெண்டு பக்கமா ஏறுது.

"வீலு இடது பக்கம்தான் சுத்தணும்னு ரெண்டு வருஷமா கத்துனீங்களே சார். ஆரா மாத்தினதுன்னு கேட்டீங்கல்லா? நான்தான் மாத்துனேன்"னேன்.

சாருக்கு முகம் பச்சை மண்ணு நிறத்துக்கு வந்துட்டு. ஆனா படிப்புன்னா படிப்புதான், உடனே வேற வழி கண்டுபிடிச்சாரு. கட்டடம் கட்டுறது மேஸ்திரி, பேரு இன்ஜினியருக்கல்லே, ஐடியா என்டெதுன்னாரு.

"இன்ஜினியரு மேஸ்திரிக்கு பிளான் குடுப்பாரு சார். நீங்க எனக்குக் குடுத்தது ஒரு சாயா. அதுலயும் பாதி நீங்க குடிச்சது."

டீச்சர் சிரிக்கல. கார்டை எல்லாம் எடுத்துருங்கன்னு மட்டும் சொன்னாங்க. அவ்வளவுதான். எதுக்கு இப்படிச் செஞ்சீங்கன்னு சாருகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கமிட்டிக்காரரு என் தோளைத் தட்டி, "பிரச்சனை ஆக்கண்டா, அட்ஜஸ்ட் செய்யூ"ன்னாரு. நான் ஒரு உருண்டை மண்ணை வீட்டுக்குக் கொண்டு போயிருந்தா இவங்க அட்ஜஸ்ட் செய்வாங்களா? வாட்ச்மேன் பையைப் பிரிச்சுப் பாத்திருப்பான், சாயந்திரத்துக்குள்ள வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. பதினாலு பானையை எடுத்தவருக்கு வெறும் கார்டு மட்டும் போச்சு. இன்னைக்கும் அவரு அதே ரூம்லதான் இருக்காரு. குட்மார்னிங் சொல்லுதாரு. நானும் திருப்பிச் சொல்லுதேன். ஆனா மண்ணைக் கொஞ்சம் பலமா அடிச்சுக்கிட்டே சொல்லுதேன்.

5. ஈரம்

இப்ப என் கிளாஸ்ல முதல் பாடம் பானை இல்ல. மண்ணை உருட்டித் தட்டு, காயுறதுக்கு முன்னால அடியில குச்சியால உன் பேரைக் கீறு. அதான் முதல் பாடம். ஈரத்துல கீறுனா சூளைக்குள்ள போனாலும் அழியாது. சுட்ட பெறகு பெயின்டுல எழுதுனா ரெண்டு கழுவுல போயிரும். எனக்குத் தெரியும், அந்தப் பதினாலுலயும் நான் எழுதிப் பாத்தேன்.

ஒரு மாசம் கழிச்சு ஆபீஸ்ல கூப்பிட்டு, போஸ்ட் கிடைச்சாச்சுன்னு புது ஐடி கார்டு ஒண்ணு குடுத்தாங்க. என் போட்டோவும் அடியில இங்கிலீஷ்ல ரெண்டு வரியும் இருந்துது. கார்டுன்னாலே இப்ப எனக்கு நம்பிக்கை இல்ல பாருங்க. கிளாஸுக்கு வந்து மூணு பிள்ளைங்களை ஒவ்வொண்ணா வெளிய கூப்பிட்டு, இதுல என்ன எழுதியிருக்குன்னு தனித்தனியா கேட்டேன்.

"முத்தையா, டீச்சர்" அப்படின்னு மூணு பேரும் ஒண்ணு போல வாசிச்சாங்க. அப்புறம்தான் கழுத்துல போட்டேன்.