எண்கள் உள்ள ஒரு பொருள்

டிசம்பர் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வந்த அக்கா, பையை இறக்கி வைப்பதற்கு முன்பே சட்டத்தை அறிவித்துவிட்டாள். லீவு முடியும் வரை பிள்ளைகள் போனைத் தொடக் கூடாது. பிள்ளைகள் என்றால் அவளுடைய ஆறு வயது மகனும் என்னுடைய ஏழு வயது மகளும்.

போனைப் பிடுங்கிவிட்டால் அதுகள் நாள் முழுக்க என்ன செய்யும் என்று கேட்டேன். அதற்கான விடையையும் அவள் போனில்தான் வைத்திருந்தாள். கனடாவிலிருக்கும் அவளுடைய சிநேகிதி அனுப்பிய கிறிஸ்மஸ் விடுமுறை விளையாட்டுகள். அச்சடித்து, வெட்டி, ஒட்டி, குடும்பமாக உட்கார்ந்து விளையாட வேண்டும்.

"நீ வாத்தியார்தானே, இதெல்லாம் ஒனக்குத் தெரிஞ்சிருக்கணுமே" என்றாள்.

நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். குடும்பமாக உட்கார்ந்து விளையாடுவது பற்றி எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் எல்லாம் தெரியும் என்பது போல் தலையாட்டினேன். கல்வித் துறையில் இருப்பவனுக்கு அந்தத் தலையாட்டல் தானாக வந்துவிடும்.

மறுநாள் பஸ் ஏறி நோர்வூட்டுக்குப் போய் ஒரு கொமினிகேஷன் கடையில் அச்செடுத்தேன். அவர்களுடைய இயந்திரத்தில் சிவப்பு மை தீர்ந்திருந்தது. "அதுனால ஒன்னும் பெருசா வித்தியாசம் தெரியாதுங்க" என்றார் கடைக்காரர். நத்தார் தாத்தா மஞ்சள் உடுப்பில் வெளியே வந்தார். தாடியும் மஞ்சள் வேட்டியுமாகக் காவடி எடுக்கப் புறப்பட்டவரைப் போல இருந்தார். பனிமனிதனுக்கு மையே தேவைப்படாததால் அவன் மட்டும் குறையில்லாமல் வந்திருந்தான்.

முதல் நாள் விளையாட்டு, தாத்தாவைக் கோணல்மாணலான பாதைகள் வழியாகப் புகைக்கூண்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

"இவரு ஏன் கூரை வழியா எறங்குறாரு?" என்று மகள் கேட்டாள்.

"எல்லாரும் தூங்குற நேரத்துல வருவாரு. கதவு பூட்டியிருக்கும்ல" என்றாள் அக்கா.

இரண்டு பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி வருகிறவரைப் பற்றி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வேறு அபிப்பிராயம் உண்டு. அன்று சாயங்காலமே அடுப்படிக் கூரையில் பெயர்ந்திருந்த தகரத்துக்கு மேல் ஒரு கல் தூக்கி வைக்கும்படி மகள் என்னிடம் சொன்னாள்.

இரண்டாம் நாள்தான் தேடல் விளையாட்டு. ஒரு தாளில் பத்து வரிகள். ஒவ்வொரு வரிக்கும் பொருத்தமான பொருளை வீட்டுக்குள் தேடிக் கொண்டுவர வேண்டும். முதலில் முடிப்பவருக்கு வெற்றி. அக்கா ஆங்கிலத்தில் வாசித்தாள், நான் தமிழில் சொன்னேன். மென்மையான ஒன்று. கோடு போட்ட ஒன்று. நல்ல வாசனையுள்ள ஒன்று. எண்கள் உள்ள ஒரு பொருள். மாடிப்படியில் இருக்கும் ஒன்று.

மாடிப்படி வரியில் நான் நின்றுவிட்டேன். எங்கள் வீடு ஓர் அறையும் அடுப்படியும். அக்கா பிறந்ததும் இதே அறையில்தான். ஆனால் துவைத்ததில் சுருங்கிப்போன சட்டையைப் பார்ப்பது போல அதைச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள என்னத்தத் தேடுறது. வெளியிலயும் தேடலாம்னு வச்சிக்குவோம். யாருகிட்ட எடுத்தாலும் எக்ஸ்கியூஸ் மீ சொல்லிட்டு எடுக்கணும். மரியாதையும் பழகுன மாதிரி இருக்கும்."

வெளியில் என்றதும் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்துகொண்டார்கள். எந்தக் கட்சிக்கு யார் என்று பிரித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் ஓடியே விட்டார்கள். அக்கா என்னைத் திருப்தியாகப் பார்த்தாள். "பாத்தியா, ஒருத்தராவது போன் கேக்குறாங்களா?"

உண்மைதான், யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மென்மையான பொருள் என்று ஒரு கோழிக்குஞ்சு வந்தது. அதன் பின்னாலேயே தாய்க்கோழியும் வந்தது. கோடு போட்ட பொருள் பக்கத்து வீட்டுக் கொடியிலிருந்து ஈரத்தோடு வந்த சாரம். நல்ல வாசனைக்கு, சட்டியோடு கருவாட்டுக் குழம்பு. நல்ல வாசனை என்றால் ரோஜாப்பூ மாதிரி என்று அக்கா விளக்கப் பார்த்தாள். கொண்டுவந்த பிள்ளை சட்டியை அவள் மூக்குக்கு நேரே நீட்டியது. அக்கா முகர்ந்து பார்த்தாள். அந்தப் புள்ளி செல்லுபடியானது.

எண்கள் உள்ள பொருளுக்குத் தாளில் ஒரு சுவர்க்கடிகாரம் வரைந்திருந்தது. எங்கள் லயத்தில் மணி பார்ப்பது போனில். போனோ தடை செய்யப்பட்ட பொருள். பிள்ளைகள் அதற்காக எங்கே போனார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். கோழியை விரட்டுவதில் அது விட்டுப்போயிற்று.

கடைசியில் என் மகளும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஒரு தராசைத் தூக்கி வந்தார்கள். தொங்கவிடுகிற டிஜிட்டல் தராசு. லயத்துக்குக் கீழே ரோட்டோரம் இருக்கும் மடுவத்துக் கொட்டகையில் தேயிலைக் கொழுந்து நிறுப்பது அதில்தான்.

"இத யாருகிட்டக் கேட்டு எடுத்தீங்க?" என்றேன்.

"அங்க யாரும் இல்ல மாமா. மடுவத்துக்கு எக்ஸ்கியூஸ் மீ சொல்லிட்டு எடுத்தோம்" என்றான் மருமகன்.

அப்போதுதான் என் மனைவி உள்ளே வந்தாள். அவள் கொழுந்து எடுக்கிறாள். லயத்து வீடு கையில் இருக்க வேண்டுமானால் வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் அவள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், தண்ணீர் குடிக்க ஓடி வந்தவள், தராசைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அடப்பாவிகளா. அங்க மடுவத்துல பெரிய பஞ்சாயத்தே நடக்குது."

நடந்தது இதுதான். கொழுந்து மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு, சாயங்கால நிறுவைக்குத் தராசை மாட்டி வைத்துவிட்டு, போன் பேச சிக்னல் உள்ள வளைவுக்கு ஏறிப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் வெறும் கொக்கி. பெண்கள் சாக்குகளோடு வரிசையில் நிற்கிறார்கள். கொழுந்து ஏற்ற வந்த லொறி ஹோர்ன் அடிக்கிறது. இது தொழிற்சங்கத்தின் சதி என்று கண்டாக்கு சொல்லியிருக்கிறார். அதைக் கேள்விப்பட்டுத் தோட்டத்துச் சங்கத் தலைவர் வந்து சேர்ந்திருக்கிறார். அவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் தனக்குத் தெரியாமல் ஒரு போராட்டம் நடந்ததாக எந்தத் தலைவர் ஒத்துக்கொள்வார்?

"சாக்குக்குன்னும் தண்ணிக்குன்னும் ஒவ்வொரு நாளும் கிலோ வெட்டுனா தொழிலாளி பொறுத்துக்கிட்டே இருப்பானான்னு தலைவரு பேசிக்கிட்டிருக்காரு" என்றாள் மனைவி. "இன்னைக்கு எல்லாருக்கும் முழுப் பேரு போட்டாத்தான் கொழுந்து லொறியில ஏறும்னு நாங்க நிக்கிறோம்."

இத்தனை கிலோ என்று தோட்டம் வைத்திருக்கும் அளவைத் தொட்டால் முழு நாள் சம்பளம், அதுதான் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். அன்று காலையிலிருந்து மழையும் பனிமூட்டமும். பாதிப் பெண்களின் சாக்கு நிறைந்திருக்காது.

நான் தராசைத் தூக்கினேன். "கொண்டு போய்க் குடுத்துட்டு வாறேன்."

"எங்க போறீங்க?" என்று மனைவி வாசலை மறித்தாள். "வெளையாட்டு முடிஞ்சிருச்சா?"

"இன்னும் மூனு பொருள் இருக்கு" என்றாள் மகள்.

"அப்ப முடியட்டும். பாதியில நிப்பாட்டுனா புள்ளைங்க மனசு கஷ்டப்படும்."

சொல்லிக்கொண்டே உடுப்புத் துவைக்கும் பேசினை எடுத்துத் தராசின் மேல் கவிழ்த்தாள். தண்ணீரைக் குடித்தாள். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு எதுவும் நடக்காதது போல மடுவத்துக்கு இறங்கிப் போனாள்.

அக்காவின் முகம் மாறியிருந்தது. நேர்மையைப் பழக்கும் விளையாட்டு என்று அந்தத் தாளின் தலைப்பிலேயே போட்டிருந்தது. "இது சரியாடா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் வாத்தியார். சரி பிழை போடுவதுதான் என் தொழில். ஆனாலும் கவிழ்ந்திருந்த பேசினை இன்னும் கொஞ்சம் சுவரோரமாகத் தள்ளி வைத்தேன். நானும் அக்காவும் பள்ளிக்கூடம் போனது அம்மாவின் முழுப் பேரிலும் அரைப் பேரிலும்தான். அதை அவளும் நினைத்திருப்பாள் போலும். பிள்ளைகள் பக்கம் திரும்பி, "சரி, அடுத்தது என்ன? மாடிப்படியா? கோயில் படிக்கட்டுல தேடுங்க" என்றாள். மடுவத்துக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது கோயில்.

லொறி கொழுந்தோடு புறப்பட்டுப் போன சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பொறுத்து நானும் இரண்டு பிள்ளைகளும் தராசோடு இறங்கினோம். தலைவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் முழுப் பேர் விழுந்திருந்ததால் பெண்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கண்டாக்கு தராசை வாங்கிக் கொக்கியைத் தடவிப் பார்த்தார். "எங்க இருந்திச்சி மாஸ்டர்?"

நான் வாயைத் திறப்பதற்கு முன் மருமகன் தாளை நீட்டினான். கண்டாக்கு அதை முழுவதும் வாசித்தார். மஞ்சள் உடுப்பில் நிற்கும் தாடிக்காரரை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இவரு எந்தச் சங்கம்?"

"நத்தார் தாத்தா அங்கிள்" என்றான் பையன்.

தலைவர் எட்டிப் பார்த்தார். போராட்டம் கனடாவிலிருந்து வந்த ஒரு தாளில் தொடங்கியது என்பது அவருக்கு உவப்பாக இல்லை. "சின்னப் புள்ளைங்க சமாச்சாரத்த விடுங்க. தொழிலாளர் ஒற்றுமைதான் இன்னைக்கு ஜெயிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். கண்டாக்கும் பெரிதுபடுத்தவில்லை. தராசை விட்டுவிட்டுப் போன் பேசப் போன கதை தோட்டத்தை நடத்தும் துரையின் காதுக்குப் போவதை அவர் விரும்பவில்லை. சதி என்ற சொல் அன்றோடு எங்கள் டிவிஷனில் அடங்கிப்போயிற்று.

அடுத்த நாள் மலையில் பெண்கள் என் மனைவியிடம், "ஒங்க நாத்தனா எப்ப வரைக்கும் இருப்பாங்க? வேற வெளையாட்டு ஒன்னும் கொண்டு வரலயா?" என்று விசாரித்திருக்கிறார்கள். அக்காவுக்கு லயத்தில் அவ்வளவு மதிப்பு அதற்கு முன் இருந்ததில்லை. கருவாட்டுக் குழம்பு வீட்டிலிருந்து அவளுக்கென்று தனியாக ஒரு கிண்ணம் வந்தது.

அந்த வார முடிவில் கண்டாக்கு எங்கள் வாசலுக்கு வந்தார். தராசு ஒரு பையில் அவர் தோளிலேயே தொங்கியது. சாயத் தேநீர் குடித்தார். எதையோ சொல்ல வந்து, மழையைப் பற்றிப் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நம்ம வீட்டுலயும் ரெண்டு இருக்கு மாஸ்டர். எந்நேரமும் போன்தான். சொன்னாக் கேக்குறதில்ல. அந்தக் கடதாசி ஒரு செட்டுக் கெடைக்குமா?"

கொடுத்தேன். அவர் பனிமனிதனை மேலே வைத்து மடித்து, மழையில் நனையாதபடி சட்டைக்குள் சொருகிக்கொண்டு இறங்கிப் போனார்.